பாலியல் குற்றங்களும் இலங்கையின் நீதிமுறையும்: முறைப்பாடு முதல் தீர்ப்பு வரை

ஒரு சிறுமிக்கோ பெண்ணுக்கோ கொடுமை நடந்ததாகச் செய்தி வந்ததும் எமது ஊர்களில் முதலில் எழும் குரல் "அவனைத் தூக்கில் போடு" என்பதுதான். கடைகள் அடைக்கப்படும். பாடசாலை மாணவர்கள் பதாகைகளோடு வீதிக்கு வருவார்கள். சட்டத்தரணிகள் எவரும் சந்தேகநபருக்காக முன்னிலையாகக் கூடாது என்று கோரிக்கை எழும். இரண்டு மூன்று வாரங்களில் அந்தக் கோபம் தணிந்துவிடும். வழக்கோ நீதவான் நீதிமன்றில் தவணை தவணையாக ஆண்டுக்கணக்கில் நடக்கும். அந்த ஆண்டுகள் முழுவதும் நீதிமன்றப் படியேறுவது பாதிக்கப்பட்டவரும் அவருடைய தாயும் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது, வழக்கு எந்த வழியாகப் போகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தக் கோபத்தைப் பயனுள்ள இடத்தில் செலுத்த முடியும். அதற்காகவே இந்தக் கட்டுரை. இதில் பாதிக்கப்பட்ட எவருடைய பெயரும் இல்லை. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விபரங்களை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். ஆகவே வழக்குகள் இடப்பெயர்களாலேயே சொல்லப்படுகின்றன.

எமது நினைவிலுள்ள வழக்குகள்

வடக்கு கிழக்கில் பாலியல் குற்றம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது செம்மணி. 1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த 18 வயது மாணவி படையினரின் சோதனைச்சாவடியில் தடுத்து வைக்கப்பட்டு, கூட்டாக வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார்கள். வழக்கு கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் முன்னிலையில் நடந்தது. 1998 யூலை 3ஆம் திகதி படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிகளில் ஒருவர் செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றில் சொன்னார். 1999இல் அங்கு தோண்டியபோது 15 உடல்களின் எச்சங்கள் மீட்கப்பட்டன. அந்தப் பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் மீண்டும் அகழ்வு நடந்தபோது குழந்தைகளுடையது உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு வல்லுறவு வழக்கின் விசாரணை ஒரு மனிதப் புதைகுழியின் கதவைத் திறந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது விசுவமடு. போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிக்கொண்டிருந்த 2010 யூன் மாதத்தில், ஊர் திரும்பியிருந்த பெண்கள் மீது இராணுவத்தினர் புரிந்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் அது. பாதிக்கப்பட்ட பெண் முறைப்பாடு செய்தார், சாட்சியமளித்தார். 2015 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் நான்கு இராணுவத்தினரைக் குற்றவாளிகளாகக் கண்டு 25 ஆண்டுகள் கடூழியச் சிறை விதித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. சம்பவத்திலிருந்து விடுதலைத் தீர்ப்பு வரை ஒன்பது ஆண்டுகள்.

மூன்றாவது புங்குடுதீவு. 2015 மே 13ஆம் திகதி பாடசாலைக்குப் போன மாணவி கடத்தப்பட்டு, கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் படையினர் அல்லர், ஊரவர்களே. வடக்கு முழுவதும் கடையடைப்பு நடந்தது. மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதி தாக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். ஊர் மக்கள் பிடித்துக் கட்டிவைத்த ஒருவர் எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் தப்பிச்செல்ல உதவினார் என்ற குற்றச்சாட்டில் 2017 யூலையில் மூத்த பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரே கைது செய்யப்பட்டார். யாழ்ப்பாணத்தில் அமர்ந்த ட்ரயல் அட் பார் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து, இருவரை விடுவித்தது.

இரண்டு ஆண்டுகள் நான்கு மாதங்களில் தீர்ப்பு வந்தது இலங்கையில் அபூர்வம். மக்கள் அழுத்தம், குற்றப்புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை, நாளாந்த விசாரணைக்கென அமைந்த மூன்று நீதிபதிகள், எல்லாம் ஒன்றுசேர்ந்ததால் அது முடிந்தது. நாட்டின் சாதாரண வல்லுறவு வழக்கு ஒன்றுக்கு இவற்றில் ஒன்றும் கிடைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. பாலியல் குற்றங்கள் தொடர்பான பிரிவுகள் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் பெருமளவு மாற்றப்பட்டன. சாதாரண வாசகர் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

பாலியல் வல்லுறவுக்கு 7 முதல் 20 ஆண்டுகள் வரை கடூழியச் சிறையும் தண்டப்பணமும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கவும் நீதிமன்றம் கட்டளையிட வேண்டும். கூட்டு வல்லுறவு, தடுப்புக்காவலில் அரச அலுவலர் புரியும் வல்லுறவு, கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் மீதான வல்லுறவு ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். 16 வயதுக்குக் குறைந்த சிறுமியை நெருங்கிய இரத்த உறவினர் வல்லுறவுக்கு உட்படுத்தினால் குறைந்தபட்சம் 15 ஆண்டுகள்.

16 வயதுக்குக் குறைந்த சிறுமியின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல. "அவளும் விரும்பித்தான் போனாள்", "இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணம் செய்து வைத்துவிட்டோம்" என்று ஊரில் சொல்லப்படும் சமாதானங்கள் குற்றத்தை இல்லாமற் செய்யா. 1995 வரை இந்த வயது எல்லை 12ஆக இருந்தது.

உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்பதால் சம்மதம் இருந்தது என்று ஆகிவிடாது. வல்லுறவை வரைவிலக்கணப்படுத்தும் 363ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இது எழுதப்பட்டுள்ளது. அதேபோல் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று ஆதாரச் சட்டம் எண்ணிக்கை எதையும் கேட்பதில்லை. நம்பத்தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் ஒரே சாட்சியத்தை வைத்தே நீதிமன்றம் குற்றவாளியாகக் காணலாம்.

வல்லுறவு என்ற வரைவிலக்கணத்துக்குள் வராத வேறு பாலியல் தாக்குதல்கள் 365பி பிரிவில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என வகுக்கப்பட்டு, 20 ஆண்டுகள் வரை சிறைக்கு உரியவை. வேலையிடத்திலோ வேறெங்குமோ அதிகாரத்தில் உள்ளவர் சொல்லாலோ செயலாலோ கொடுக்கும் பாலியல் தொந்தரவு 345ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைக்கு உரியது. வீட்டுத்திட்டம், நிவாரணம், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஆவணம் என்று அலுவலகம் அலுவலகமாக அலையும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவது போருக்குப் பின்னர் தொடர்ந்து சொல்லப்பட்டுவரும் முறைப்பாடு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இதையும் இலஞ்சக் குற்றமாகவே கொள்கிறது.

சட்டத்தில் ஓட்டைகளும் உள்ளன. நீதிமன்றக் கட்டளையால் பிரிந்து வாழும் தம்பதியர் தவிர, கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவது வல்லுறவாகக் கொள்ளப்படுவதில்லை. வல்லுறவால் கருவுற்றாலும், தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றிக் கருக்கலைப்புக்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆண்கள் மீதான கொடுமை பற்றிய ஓட்டையைப் பின்னர் பார்ப்போம்.

வழக்கு போகும் வழி

முறைப்பாடு எந்தப் பொலிஸ் நிலையத்திலும் செய்யலாம். பெரிய நிலையங்களில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் தனியாக உள்ளது. பொலிஸார் வாக்குமூலம் பெற்று, சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்துடன் பாதிக்கப்பட்டவரை வைத்தியசாலைக்கு அனுப்புவர். அங்கே சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து மாதிரிகளைச் சேகரிப்பார். மாதிரிகள் கொழும்பிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கோ மரபணுப் பரிசோதனைக்கோ போகும். சந்தேகநபர் நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்படுவார் அல்லது பிணையில் விடப்படுவார்.

பொலிஸ் விசாரணைக் கோவை பின்னர் சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போகும். மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதா இல்லையா என்பதை அங்கேதான் தீர்மானிப்பார்கள். குற்றப்பத்திரிகை வந்த பின்னரே உண்மையான வழக்கு தொடங்குகிறது. அதன்பின் சாட்சியங்கள், குறுக்கு விசாரணை, தீர்ப்பு, மேன்முறையீடு.

தாமதம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஏற்படுகிறது. முதலாவது, பகுப்பாய்வு அறிக்கை. இரண்டாவது, சட்டமா அதிபர் திணைக்களத்தில் கோவை காத்திருக்கும் காலம். மூன்றாவது, மேல் நீதிமன்றில் நெரிசலால் தவணை தள்ளிப்போவது. முறைப்பாடு செய்தபோது எட்டாம் வகுப்பில் படித்த பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறும்போது திருமணமாகிக் கைக்குழந்தையோடு வருவது எமது நீதிமன்றங்களில் புதினமான காட்சி அல்ல. மறக்க முயன்ற ஒன்றை அந்நியர்கள் முன்னிலையில் மறுபடி சொல்லவேண்டிய நிலையில் பலர் வழக்கைக் கைவிடுகிறார்கள். குற்றவாளி தப்புவதற்குப் பெரும்பாலும் வேறு எதுவும் தேவைப்படுவதில்லை.

மொழியும் ஒரு தடை. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொன்னாலும், வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக்கூடிய பெண் பொலிஸ் உத்தியோகத்தர் எல்லா நிலையங்களிலும் எல்லா நேரங்களிலும் இருப்பதில்லை. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட்ட ஒருவர், பல ஆண்டுகளின் பின்னர் அதிலுள்ள ஒரு வரிக்கும் தனது சாட்சியத்துக்கும் உள்ள முரண்பாட்டுக்காகக் குறுக்கு விசாரணையில் சிக்குகிறார்.

பிணை பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். சந்தேகநபர் பிணையில் வந்தால் "காசு கொடுத்து வெளியில வந்திட்டான்" என்று ஊர் பேசும். பிணை விடுதலை அல்ல. ஆனால் சாட்சிகளை மிரட்டுவார், மீண்டும் குற்றம் செய்வார், வழக்குக்கு வராமல் ஓடிவிடுவார் என்பதற்குக் காரணங்கள் இருந்தால் பிணையை மறுக்கவும் இரத்துச் செய்யவும் 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் இடம் தருகிறது. குற்றத்தின் பாரதூரத்தால் பொதுமக்களிடையே கொந்தளிப்பு ஏற்படக்கூடும் என்பதும் அச்சட்டம் ஏற்கும் ஒரு காரணமே. ஆகவே பிணையில் வந்தவர் வீட்டுக்கு முன்னால் நின்று மிரட்டினால் அதைத் திகதியோடு எழுதிப் பொலிஸில் தனி முறைப்பாடாகப் பதிவு செய்யவேண்டும். அது இல்லாமல் நீதிமன்றிடம் பிணையை இரத்துச் செய்யக் கேட்பது கடினம்.

குறைந்தபட்சத் தண்டனைக்கு என்ன நடந்தது

1995ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தபட்சத் தண்டனையை நிர்ணயித்தது, நீதிபதிகள் சிறு தண்டனையோடு குற்றவாளிகளை விட்டுவிடக்கூடாது என்பதற்காக. ஆனால் 2008இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் அனுப்பிய வினாவுக்கு உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்மானம் நிலைமையை மாற்றியது. சட்டத்தில் குறைந்தபட்சம் எழுதப்பட்டிருந்தாலும், வழக்கின் சூழ்நிலையைப் பார்த்துப் பொருத்தமான தண்டனையை விதிக்கும் தற்றுணிபு மேல் நீதிமன்ற நீதிபதிக்கு உண்டு என்பதே அந்தத் தீர்மானம்.

இதற்கு நியாயமான பக்கமும் உண்டு. 17 வயதுப் பையனும் 15 வயதுப் பெண்பிள்ளையும் காதலித்து ஓடிய வழக்கையும், ஐம்பது வயதுக்காரர் அயல்வீட்டுச் சிறுமியைச் சீரழித்த வழக்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்து சம்மதமும் இருந்தால் 10 ஆண்டுகளுக்குக் குறைத்துத் தண்டிக்கலாம் என்று சட்டமே முன்னர் ஒரு விலக்கு வைத்திருந்தது. ஆனால் இந்தத் தீர்மானத்தின் பின்னர், வயது வித்தியாசம் பெரிதாக இருந்த வழக்குகளில்கூட இரண்டு ஆண்டுச் சிறை விதித்து அதையும் ஒத்திவைக்கும் தீர்ப்புகள் வந்துள்ளன. ஒத்திவைக்கப்பட்ட தண்டனை என்றால் குற்றவாளி அன்றே வீட்டுக்குப் போகலாம். பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கண்டித்துவருவது இதைத்தான். அத்தகைய தண்டனை போதாது என்றால் சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம். செய்யும்படி கேட்க வேண்டியவர்களில் நாமும் அடங்குவோம்.

தூக்குத் தண்டனை தீர்வா

இலங்கையில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 யூனில். அதன்பின்னர் விதிக்கப்பட்ட மரண தண்டனைகள் எதுவும் நிறைவேறவில்லை. செம்மணி, புங்குடுதீவு வழக்குகளின் மரண தண்டனைகளும் நடைமுறையில் நீண்டகாலச் சிறையே. மேலும் வல்லுறவுக்கு மட்டும் மரண தண்டனை கிடையாது, கொலையும் சேர்ந்தால்தான்.

தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, அது நிச்சயமாகக் கிடைக்குமா, கிடைத்தால் நிலைக்குமா என்பதுதான் எமக்குப் பெரிய கேள்வி. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் 2015இல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய், உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து ஓராண்டுக்குள், 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அது பாலியல் குற்ற வழக்கு அல்ல. ஆனால் படையினருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நினைக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

கோபத்தில் எடுக்கும் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொட்டதெனியாவ வழக்கு உதாரணம். 2015 செப்டெம்பரில் அங்கு ஐந்து வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்டார். முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைதாகினர். மரபணுப் பரிசோதனை அவர்களை விடுவித்தது. பொலிஸார் தன்னைத் தாக்கியதாக அந்த மாணவன் சொன்னான். அடுத்துக் கைதானவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார் என்று பொலிஸார் அறிவித்தார்கள். மரபணு அவருக்கும் பொருந்தவில்லை. அவருடைய சகோதரனுக்கே பொருந்தியது. அந்தச் சகோதரன் 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றில் குற்றவாளியாகக் காணப்பட்டார். முதல் வாரத்தில் கூட்டம் கேட்டபடி தண்டனை வழங்கியிருந்தால் ஒரு பாடசாலைப் பையன் அழிந்திருப்பான், உண்மையான குற்றவாளி ஊரில் உலாவியிருப்பான். பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாதாரண சட்டம் ஏற்பதில்லை என்பதன் காரணமும் இதுவே. அந்தப் பாதுகாப்பைப் பயங்கரவாதத் தடைச்சட்டம் பறித்ததால் என்ன நடந்தது என்பதை எம்மைவிட அறிந்தவர் இல்லை.

குற்றவாளிகளின் பெயர்ப்பட்டியல்

புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் அடிக்கடி கேட்கும் கேள்வி, வெளிநாடுகளில் உள்ளதுபோல் பாலியல் குற்றவாளிகளின் பெயர்ப்பட்டியலை இலங்கையில் ஏன் வெளியிடக்கூடாது என்பது.

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் மேகன் சட்டத்தின் பின்னர் அத்தகைய பட்டியல்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். பிரித்தானியாவில் 1997 முதல் பதிவேடு உண்டு. ஆனால் அது பொலிஸாரிடமே இருக்கும். தமது பிள்ளையோடு பழகும் ஒருவரைப் பற்றிச் சந்தேகம் உள்ள பெற்றோர் பொலிஸிடம் விசாரிக்கலாம் என்ற திட்டம் 2008இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிப் பின்னர் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விரிவாக்கப்பட்டது. 2018இல் இந்தியா தொடங்கிய தேசியத் தரவுத்தளமும் பொலிஸ் பாவனைக்கு மட்டுமே.

பிரித்தானியா பட்டியலைப் பகிரங்கப்படுத்தத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை பெயர்களை வெளியிட்டபோது கூட்டங்கள் வீடுகளைத் தாக்கின. ஆளை மாற்றி அப்பாவிகளும் தாக்கப்பட்டார்கள். சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவரின் பதவிப்பெயரைத் தவறாக விளங்கிக்கொண்டு அவருடைய வீட்டிலும் வசை எழுதினார்கள்.

இலங்கையில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய அத்தகைய பட்டியல் இல்லை. சிறு கிராமங்களில் பட்டியல் வந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றவாளி தந்தையோ சிற்றப்பனோ ஆக இருந்தால் அவர் பெயரை எழுதியவுடனேயே பாதிக்கப்பட்ட பிள்ளை யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்று சமூக ஊடகங்களில் சந்தேகநபரின் படத்தைப் பகிர்பவர்கள் பல தடவை இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். அடையாள அணிவகுப்புக்கு முன்னரே படம் பரவிவிட்டால் அந்த அணிவகுப்பின் பெறுமதியும் போய்விடும். குற்றம் சாட்டப்பட்டவரின் சட்டத்தரணிக்கு நாமே கொடுக்கும் வாதம் அது.

இன்னொன்று. வெள்ளை வானில் வரும் அந்நியரைப் பற்றித்தான் நாம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். பொலிஸ் புள்ளிவிபரங்களில் பதிவாகும் வல்லுறவு முறைப்பாடுகளில் பெரும்பகுதி 16 வயதுக்குக் குறைந்த சிறுமிகள் தொடர்பானவை. அவர்களில் பலருக்குக் குற்றவாளி அறிமுகமானவர்: உறவினர், அயலவர், ஆசிரியர், மதகுரு, காதலன். எந்தப் பட்டியலிலும் அந்தப் பெயர் முன்கூட்டியே இருக்கப்போவதில்லை.

ஆண்கள் மீதான கொடுமை

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, பாதுகாப்புப் படையினரின் தடுப்பில் இருந்த பெண்கள் மட்டுமன்றி ஆண்களும் பரவலாகப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தப்பட்டதைப் பதிவு செய்தது. 2013இல் ஹியூமன் ரைட்ஸ் வோச் வெளியிட்ட அறிக்கையின் 75 சம்பவங்களிலும் ஆண்கள் இருந்தார்கள்.

இலங்கைச் சட்டத்தில் வல்லுறவு என்பது ஓர் ஆண் ஒரு பெண் மீது புரிவது மட்டுமே. ஆண்களுக்கும் ஆண் சிறுவர்களுக்கும் நடந்தது 365பி பிரிவின் கீழேயே வரும். தடுப்பில் இருந்தபோது அரச அலுவலர் புரிந்ததாயின் 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழும் வழக்குத் தொடரலாம். தண்டனை 7 முதல் 10 ஆண்டுகள். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365ஏ பிரிவும் நீண்டகாலமாகச் சட்டக்கோவையில் இருப்பதால், பேசினால் தம் மீதே பழி வருமோ என்ற பயமும் ஆண்களுக்கு உண்டு. இதனால் முன்னாள் போராளிகளும் தடுப்பிலிருந்து வந்தவர்களும் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருக்கிறார்கள். பலவந்தத்துக்கு உள்ளானவர் குற்றவாளி அல்லர். இதை வீடுகளில் சொல்லவேண்டியிருக்கிறது.

இருபது ஆண்டு எல்லை

போரால் பாதிக்கப்பட்டவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி, கொலை, தேசத்துரோகம் ஆகிய இரண்டுக்கும் கால எல்லை இல்லை. சட்டத்தில் வேறு சிறப்பேற்பாடு இல்லாவிட்டால், ஏனைய குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை குற்றம் நடந்து 20 ஆண்டுகளில் இல்லாமற் போகும்.

வல்லுறவும் பாலியல் துஷ்பிரயோகமும் சித்திரவதையும் இந்த "ஏனைய" என்ற வகைக்குள் வருகின்றன. 2009 மே மாதத்தில் நடந்த ஒரு குற்றத்துக்கு அந்த எல்லை 2029 மே. 2010இல் முகாமிலோ மீள்குடியேறிய ஊரிலோ நடந்ததற்கு 2030. தொண்ணூறுகளில் நடந்தவற்றுக்கு, கொலையும் சேர்ந்திராவிட்டால், சாதாரண சட்டத்தின் கீழ் அந்த எல்லை ஏற்கெனவே கடந்துவிட்டது.

மற்றொரு வழி கொள்கையளவில் உண்டு. நடந்தபோது சர்வதேச சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்த செயலுக்குப் பின்னர் வழக்குத் தொடர்வதை அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை தடுக்கவில்லை. அதாவது போர்க்குற்றங்களையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களையும் உள்நாட்டுச் சட்டத்தில் சேர்த்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றினால் அந்தக் கதவு திறக்கும். 2015இல் ஜெனீவாத் தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கியபோது அரசாங்கம் ஏற்றுக்கொண்ட விடயங்களில் இதுவும் ஒன்று. கால எல்லையைத் தளர்த்தவோ இந்தக் குற்றங்களைச் சட்டத்தில் சேர்க்கவோ எமது பிரதிநிதிகள் பாராளுமன்றில் கேட்க வேண்டிய காலம் 2029க்குப் பின்னர் அல்ல.

நடந்துவிட்டால் என்ன செய்வது

முதலில் வைத்தியசாலை. பொலிஸுக்குப் போக மனம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குளிக்காமல், உடுத்திருந்த உடைகளைக் கழுவாமல், கடதாசிப் பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் பழுதாகும். கருத்தடை மாத்திரையும் எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலங்களுக்குள், எவ்வளவு விரைவாகவோ அவ்வளவு நல்லது. நாட்கள் கடந்துவிட்டாலும் போகலாம். காயம் ஆறியிருந்தாலும் பரிசோதனைக்குப் பெறுமதி உண்டு. பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்காக "நட்பு நிலையம்" என்ற பிரிவு இயங்குகிறது.

பொலிஸில் வாக்குமூலத்தைத் தமிழில் பதியும்படி கேளுங்கள். வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 119, சிறுவர்களுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, பெண்களுக்கு 1938. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்டத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம். பொலிஸார் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் அதை எழுத்தில் கொடுக்கலாம்.

சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல் வந்து, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதியீடு செய்யப்பட்டது. வழக்கின் நிலையை அறியும் உரிமை, மிரட்டலுக்கு எதிரான பாதுகாப்பு, காணொளி வழியாகச் சாட்சியமளிக்கும் வாய்ப்பு ஆகியவை அதில் உள்ளன. அவை கேட்டால்தான் கிடைக்கும். சிறுவர்களின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவுசெய்து ஆதாரமாக்க 1999 முதலே சட்டம் இடமளிக்கிறது.

போர்க்காலத்தில் நடந்ததைப் பற்றிப் பேச விரும்புபவர்கள், எந்த நிறுவனத்திடம் சொல்வதற்கும் முன்னர் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் கால எல்லை பற்றி ஆலோசனை பெறுங்கள். நாள், இடம், முகாமின் பெயர், சீருடை, கேட்ட பெயர்கள், சிகிச்சை பெற்ற துண்டுகள் என நினைவிலும் கையிலும் உள்ளவற்றை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். பேச விரும்பாதவரைப் பேசும்படி எவரும் வற்புறுத்தக்கூடாது.

ஊர் என்ற வகையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையடைப்பு நடக்கும் நாளில் நாம் எல்லோரும் அந்தக் குடும்பத்தோடு நிற்கிறோம். மூன்று ஆண்டுகள் கழித்து மேல் நீதிமன்றத் தவணைக்கு அந்தத் தாய் பஸ் ஏறும்போது கூடப்போக ஒருவராவது இருக்கவேண்டும். மகளிர் சங்கமோ மாதர் அபிவிருத்திச் சங்கமோ தவணைத் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, முறைவைத்து ஒவ்வொருவராகப் போகலாம். வழக்கைக் கைவிடாமல் நடத்தி முடித்த குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்னால் அப்படி யாரோ ஒருவர் இருந்திருக்கிறார்.